பஞ்சகச்சத்துக்கு என்ன விலை?

ஒரு துணியை வெட்டித் தைக்க அரை நாள் போதும். அதற்கு ஒரு விலை வைக்கத்தான் உயிர் போகும். இணையத்தில் கடை திறந்துவிட்டு, விலைக் கட்டத்தில் எண்ணைப் போட்டுப் போட்டு அழிக்கும் சக பாவிகளே, உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டு மாடியிலிருந்து நான் விற்பது, பேண்ட் மாதிரி மாட்டிக்கொள்ளும் தைத்த பஞ்சகச்சம். கட்டத் தெரியாத மாப்பிள்ளைகளுக்கு வரப்பிரசாதம். தைப்பவர் லால்குடியிலிருந்து தினமும் ரயிலில் வரும் தனம். ஆர்டர் இப்படியே சொட்டிக்கொண்டிருந்தால் மாசக் கடைசியில் யூனிஃபார்ம் கம்பெனி ஒன்றுக்குப் போய்விடுவேன் என்று சொல்லியிருந்தார். அவர் போனால் கடையும் போச்சு. எனக்கு ஊசியில் நூல் கோக்கக்கூட வராது.

ரெண்டு ரூபாய் கூடுதல்

எல்லாரையும் போல 999 என்று போட்டேன். ஒரு ரூபாய் குறைத்தால் ஜனங்கள் மயங்கிவிடுவார்கள் என்று எங்கேயோ படித்த ஞாபகம். முதல் போன் உத்திர வீதி மாமி ஒருவரிடமிருந்து. விலையை மாற்ற வேண்டும் என்று ஆரம்பித்தார். பேரம்தான் என்று நானும் வரிந்துகட்டிக்கொண்டு நின்றேன்.

"ஆயிரத்தி ஒண்ணா மாத்திடுங்கோ. மாப்பிள்ளைக்கு வெச்சுக் குடுக்கறச்சே குறையோடயா குடுப்பா?"

கார்ட்டில் போட்டவர்

எல்லாருக்குமே 1001 என்று மாற்றினேன். ஆர்டர் ஏறவில்லை. பயந்துபோய் 701-க்கு இறக்கினேன், வந்துகொண்டிருந்ததும் நின்றது. புத்தூர்க்காரர் ஒருவர் மூன்று முறை கார்ட்டில் போட்டு மூன்று முறையும் எடுத்திருந்தார். ஏன் என்று தெரியாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. வெட்கத்தை விட்டு நானே போன் செய்தேன். பேரனுக்குப் பூணூலாம், மகன் கட்டிக்கொள்ள வேண்டுமாம். பிறகு ஏன் எடுத்தீர்கள் என்றேன்.

"இவ்ளோ கம்மியா இருக்கேம்மா, ஹோமத்துல உக்காந்து எந்திரிக்கிறப்ப இடுப்புல நிக்குமா?"

டெலிவரி சார்ஜ் மிச்சம்

நாற்பது ரூபாய் டெலிவரியை மிச்சம் பிடிக்க ஒருவர் ஸ்கூட்டரில் நேரே வந்தார். தனம் ஒவ்வொரு கொசுவமாக மடித்து, ஊசி குத்தி, இஸ்திரி போடுவதைப் பார்த்து அங்கேயே உட்கார்ந்துவிட்டார். ஒரு மணி நேரம் ஆயிற்று. கிளம்பும்போது என்னைக் கடிந்துகொண்டார்.

"மெஷின்னா மடிக்கறதுன்னு நெனச்சேன்! இந்தக் கையை ஏன் படத்துல காட்டலை?"

தனம் சொன்ன விலை

மாசம் முடிய ஒரு வாரம். தனத்தின் கை மடிப்பதை வீடியோ எடுத்துப் போட்டேன். விலையை அவரிடமே கேட்டேன். தலை நிமிராமல், "ஆயிரத்தி ஐநூத்தி ஒண்ணு போடுங்க" என்றார். அப்படியே போட்டேன். முதலில் வாங்கியவர் அந்தப் புத்தூர்க்காரர்! நாலு நாளில் பதினோரு ஆர்டர். எனக்குத் தலைகால் புரியவில்லை. இனிமேல் நீங்கள் எங்கேயும் போக வேண்டாம் தனம் என்று ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் கத்திரிக்கோலைக் கீழே வைத்தார்.

"சந்தோஷம்க்கா. துணிக்கு மூணு தடவை விலையை மாத்திட்டீங்க, எனக்கு எப்ப மாத்துவீங்க?"

விலையைப் பற்றி ஊரில் போவோர் வருவோரையெல்லாம் விசாரித்த நான், இரண்டு வருஷமாகப் பக்கத்திலேயே தைத்துக்கொண்டிருந்தவரிடம் அவர் சம்பளத்தை மட்டும் கேட்டதே இல்லை; அதையும் தனமே சொல்லிவிட்டார், நான் பேரம் பேசாமல் ஒப்புக்கொண்டேன்.