எரிக்கக் கொடுக்காத பால்

பால் ரொம்பச் சரியாக இருந்தது. அதனால்தான் எனக்குச் சந்தேகம் வந்தது.

என் வேலை என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பால் பண்ணை அதிகாரி என்று நினைத்துவிடுவீர்கள். அணுமின் நிலையம் நடத்துகிறவர்கள் அதைச் சுற்றியுள்ள காற்று, தண்ணீர், மீன், கீரை, பால் எல்லாவற்றையும் எடுத்துக் கதிரியக்கம் ஏறுகிறதா என்று சோதித்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்தச் சோதனை ஒழுங்காக நடக்கிறதா என்று சோதிக்கிறவள் நான். சில ஆண்டுகள் வெளிநாட்டில் அதைக் கற்று, செய்து, பிறகு பினாங்குக்கே திரும்பி வந்துவிட்டேன். மலேசியாவில் அணுமின் நிலையம் கிடையாது. கடலே இல்லாத ஊரில் கலங்கரை விளக்கம் கட்டப் படித்தவள் என்று என் அக்காள் கணவர் கல்யாண வீடுகளில் என்னை அறிமுகப்படுத்துவார். நானும் பல்லைக் கடித்துக்கொண்டு சிரிப்பேன்.

அணுமின் நிலையம் இல்லையே தவிர, பழைய வெள்ளீயச் சுரங்கங்களில் மிஞ்சிய மணலைச் சலித்து உலோகம் எடுக்கும் தொழிற்சாலைகள் உண்டு. அந்த மணலில் இயற்கையாகவே தோரியம் இருக்கிறது. அதனால் அங்கேயும் அதே விதிகள், சின்ன அளவில். பட்டர்வொர்த்தைத் தாண்டி வடக்கே அப்படி ஒரு தொழிற்சாலையை ஆண்டுதோறும் பார்க்கும் பொறுப்பு என்னுடையது. தீவில் நான் இருக்கும் ஜெலுத்தோங்கிலிருந்து காரை எடுத்துக் கடல் பாலம் ஏறினால், நெரிசல் அனுமதிக்கும் நேரத்தில் போய்ச் சேருவேன்.

பாலுக்கு இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று, வேலிக்கு மிக அருகில் மேயும் மாட்டின் பால். இன்னொன்று, தொழிற்சாலையின் காற்றே எட்டாத தூரத்து மாட்டின் பால். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தால்தான் தொழிற்சாலையால் ஏதாவது கூடியிருக்கிறதா என்று தெரியும். தூரத்துப் பால் கெப்பாலா பத்தாஸில் ஒரு பெரிய மாட்டுக் கொட்டகையிலிருந்து வந்தது. இரண்டிலும் தொழிற்சாலையின் சுவடே இல்லை. அதுவரை சந்தோஷம். ஆனால் எந்தப் பாலிலும் பொட்டாசியம் இருக்கும். அதற்கென்று ஒரு சிறு கதிர் உண்டு. மாட்டுக்கு மாடு, தீனிக்குத் தீனி அது மாறும். இங்கேயோ ஒவ்வொரு முறை எடுத்தபோதும் இரண்டு பாலிலும் அது சேர்ந்தே ஏறிச் சேர்ந்தே இறங்கியது. வெவ்வேறு புல் தின்ற மாடுகளின் பால் அப்படி இருக்காது.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. சோம்பேறித்தனம்தான், வேறென்ன? ஒரே பாலை இரண்டு போத்தல்களில் ஊற்றி இரண்டு பெயர் ஒட்டியிருக்கிறார்கள் என்று முடிவே கட்டிவிட்டேன்.

தொழிற்சாலையின் பாதுகாப்பு அதிகாரி தமிழ் முஸ்லிம். பினாங்கில் நாசி கண்டார் சோற்றுக்கடை வைத்திருந்த குடும்பம். கடையைத் தம்பிகளிடம் விட்டுவிட்டுப் படித்து வந்தவர். மற்றவர்கள் முன்னால் என்னை மேடம் என்பார், தனியாக இருந்தால் தங்கச்சி.

"அண்ணே, ரெண்டு போத்தலும் ஒரே பாலுதானே? உண்மைய சொல்லுங்க."

"அல்லா மேல ஆணையா இல்ல தங்கச்சி. கெப்பாலா பத்தாஸ் பாலு லேப் வேன்ல வருது. வேலியோரத்து பாலு நானே போயி மாட்டுக்கார அம்மா கையால வாங்கறேன். வேணும்னா இப்பவே வாங்க, ஜாலான் லா."

போனோம். தொழிற்சாலை வேலிக்கும் பெரிய சாக்கடைக்கும் நடுவே நீளமாக ஒரு துண்டு நிலம், தொழிற்சாலைக்குச் சொந்தமானது. அதில் தகரக் கொட்டகை, பின்னால் ஒரு சின்னப் பலகை வீடு. அங்கே இருந்த அக்காவுக்கு என்னைவிடப் பத்து வயது கூட இருக்கலாம். புருஷன் உயிரோடு இல்லை, பிள்ளைகளும் இல்லை. முன்பு இருந்த இடத்திலிருந்து நகராண்மைக் கழகம் மாடுகளோடு விரட்டியபோது, தொழிற்சாலைக்கு வேலியோரத்தில் ஒரு பால் மாடு தேவைப்பட்டது. விதி அப்படி: அருகில் பால் மாடு இருந்தால் அதன் பாலைச் சோதிக்க வேண்டும், சோதித்தால் சுற்றுவட்டாரத்துக்கும் அரசாங்கத்துக்கும் காட்டிப் பெருமைப்படலாம். அக்காவுக்கோ நிலம் தேவைப்பட்டது. ஆண்டுக்கு ஒருமுறை அனுமதியைப் புதுப்பிப்பார்கள். மாதிரிப் பால் கொடுக்கும் வரை அவர் அங்கே இருக்கலாம். பக்கத்துத் தாமான் குடியிருப்பு ஃபிளாட்டுகளுக்கு அவர் பால்தான், கோயிலுக்கும் அதுதான்.

"என்னா தங்கச்சி, பாலு கெட்டுப்போச்சா?" என்றுதான் முதலில் கேட்டார்.

"இல்லக்கா, சும்மா பாக்க வந்தோம். இன்னைக்கு எங்க கண்ணு முன்னாலயே கறந்து குடுங்க."

"கறந்து வெச்சாச்சு, ஐஸ் பெட்டில இருக்கு. எடுத்தாறேன்."

அவர் எடுத்து வந்தது ஒரு பிளாஸ்டிக் பை. கயிறு போட்டுக் கட்டியிருந்தது, கடையில் தே தாரிக் டீயைப் பொட்டலம் கட்டுவது போல. அவருடைய சொந்தப் பால் எல்லாம் அலுமினியத் தூக்குகளில் வாசலில் வரிசையாக நின்றது. சொந்த மாட்டுப் பாலைப் பையில் கட்டி வைப்பானேன்?

"இது எந்த மாட்டு பாலுக்கா?"

அக்கா அதிகாரியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அப்புறம் மாடுகளைப் பார்த்தார். பிறகு எரிந்து விழுந்தார், என்மேல் இல்லை, அதிகாரிமேல்.

"இவருதான் சொன்னாரு! எல்லாம் இவரு சொன்னதுதான். நாங்குடுக்கற பால காய்ச்சி, வத்தவிட்டு, அடுப்புல போட்டு சாம்பலாக்கறாங்களாம். பால தீய விட்டா மாட்டுக்கு மடி சுடுந்தானே தங்கச்சி? நீங்க தமிழ் பொண்ணு, ஒங்களுக்குத் தெரியாதா? அவரு சொன்ன அந்த மாசமே என் செவல மாட்டுக்கு மடி வீங்கி, கையே வைக்க விடல. அப்பறம் எப்பிடி குடுக்கறது?"

அதிகாரி இரண்டு கையையும் விரித்தார். "நான் சும்மா பேச்சுக்குச் சொன்னேன்லா. லேப்ல எப்படி செய்வாங்கன்னு கேட்டாங்க, சொன்னேன். இப்படி ஒண்ணு இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"அப்போ இது யாரு பாலு?" என்றேன்.

"கெப்பாலா பத்தாஸ்ல எங்க வீட்டுக்காரரோட சொந்தக்காரர் பெரிய கொட்டகை போட்டு மாடு வெச்சிருக்காரு. அவரு லாரி காலைல இந்தப் பக்கம் வரும். நீங்க கேக்கற அன்னைக்கு ஒரு பை வாங்கி வெச்சிருவேன்."

கெப்பாலா பத்தாஸ். பெரிய கொட்டகை. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக நாங்கள் தேடிப் பிடித்த அதே மாடுகள். இத்தனை காலமும் அந்தப் பாலை அந்தப் பாலோடேயே ஒப்பிட்டு, வித்தியாசமே இல்லை என்று மகிழ்ந்திருக்கிறோம்.

சிரிப்பை அடக்க முடியாமல் கேட்டேன். "அவரு மாட்டுக்கு மட்டும் மடி சுடாதாக்கா?"

"அவருகிட்ட நெறைய மாடு இருக்கு தங்கச்சி," என்றார் அக்கா, கணக்கு சரியாகிவிட்ட முகத்தோடு.

நானும் அதிகாரியும் விழுந்து விழுந்து சிரித்தோம். ஆனால் எனக்கு அந்தச் சிரிப்பு நீடிக்கவில்லை. என் வீட்டு அடுப்பில் பால் பொங்கி வழிந்தால் நானும் பதறிக்கொண்டு ஓடுகிறவள்தான். அடுப்பு அழுக்காகுமே என்று இல்லை. என் அம்மா சொல்லிச் சொல்லி, எங்கேயோ ஒரு மாடு துடிக்கும் என்று எனக்குள் ஏறிவிட்டது. இந்த வேலையில் என்னோடு இருக்கும் வேறு யாரிடம் இதைச் சொன்னாலும் பொய் சொல்கிறாள் அந்த அம்மா என்பார்கள். எனக்கு அவர் சொன்னதில் ஒரு எழுத்தைக்கூடச் சந்தேகப்பட முடியவில்லை.

திரும்பும்போது பாலத்தில் வண்டிகள் நகரவே இல்லை. முன்னால் லாரி, பின்னால் லாரி, இரண்டு பக்கமும் கடல். நடந்ததை எழுதினால், தொழிற்சாலை கொடுத்த பழைய முடிவுகள் எல்லாம் செல்லாது. அவர்கள் அந்தக் கோபத்தை அக்காமேல்தான் காட்டுவார்கள். எழுதாமல் விட்டால், ஃபிளாட்டுப் பிள்ளைகள் குடிக்கிற பாலை யாருமே சோதித்ததில்லை என்று தெரிந்துகொண்டே கையெழுத்துப் போட வேண்டும். அது என்னால் ஆகாது. எந்தப் பக்கம் திரும்பினாலும் இடித்தது. இந்தப் படிப்பை ஏன் படித்துத் தொலைத்தேன் என்று ஸ்டியரிங்கைக் குத்தினேன்.

அப்புறம் ஒரு வழி தோன்றியது. பாலை எரிப்பது மிக மிகக் குறைந்த அளவையும் பிடிப்பதற்காக. எரிக்காமலும் அளக்கலாம்: கருவியைச் சுற்றி உட்காரும் ஒரு பாத்திரத்தில் பாலை அப்படியே ஊற்றி நெடுநேரம் விட்டுவிட்டால் போதும். இந்த மணலுக்கு அது தாராளம்.

மறுவாரம் போய் அக்காவிடம் சொன்னேன்.

"சத்தியமா எரிக்க மாட்டீங்களே?"

"மாட்டோம்கா. பாத்திரத்துல ஊத்தி வெப்போம். கருவி பக்கத்துல இருந்து பாக்கும். அவ்வளவுதான்."

"பாத்து முடிச்ச பால?"

இதை நான் யோசித்திருக்கவில்லை. "என்ன செய்யணும் சொல்லுங்க."

"சாக்கடைல கொட்டாதீங்க. மரத்தடில ஊத்துங்க."

சரி என்றேன். அக்கா செவலை மாட்டின் காலடியில் உட்கார்ந்து என் கண் முன்னால் கறந்தார். நுரை அடங்கும் வரை காத்திருந்து போத்தலில் நானே ஊற்றிக்கொண்டேன். ஆய்வகத்தில் அளந்து முடித்ததும் வாசலில் இருந்த மாமரத்தடியில் கொண்டுபோய் ஊற்றினேன். அங்கிருந்தவர்கள் பூஜை போடுகிறேன் என்று கேலி செய்தார்கள், செய்துவிட்டுப் போகட்டும்.

பால் சுத்தம். இயற்கையாக இருப்பதற்கு மேல் ஒரு துளி இல்லை. எனக்கு வந்த சந்தோஷத்தில் அன்று மாலையே அக்காவுக்குப் போன் செய்து சொன்னேன். அவர், "அதான் எனக்குத் தெரியுமே" என்றார்.

அறிக்கையில் எல்லாவற்றையும் எழுதினேன். பழைய மாதிரிகள் அந்த இடத்துப் பால் அல்ல என்பதை, அதில் ஏமாற்றும் நோக்கம் இல்லை என்பதை, எரிக்காத முறையில் அளந்ததை, பால் சுத்தம் என்பதை. இனியும் இதே இடத்தில் இதே முறையில் தொடர வேண்டும் என்று பரிந்துரைத்தேன். நல்ல அறிக்கை. இன்று படித்தாலும் ஒரு வரி மாற்றமாட்டேன்.

சில வாரங்கள் கழித்து அதிகாரி கூப்பிட்டார். குரலே சரியில்லை.

"தங்கச்சி, மேலிடத்துல பாலே வேணாம்னு முடிவு பண்ணிட்டாங்க. நம்பி வாங்க முடியாத பாலுன்னு சொல்றாங்க. பாலுக்குப் பதிலா வேலியோரத்துல கங்கோங் கீரை போட்டு அதைச் சோதிக்கப் போறாங்க."

"அது எப்படி? பாலு சுத்தம்னு எழுதியிருக்கேனே!"

"அதனாலதான் தங்கச்சி. சுத்தம்னு ஆனதால நிறுத்துனா யாரும் கேக்க மாட்டாங்க. நம்பகமா பாலு கெடைக்கலன்னா கீரையச் சோதிக்கலாம்னு விதியில இருக்கு. பயிற்சி வகுப்புல நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க?"

சொல்லிக் கொடுத்தது நான்தான். விதியும் அதுதான். பால் வேண்டாம் என்றானபின் மாட்டுக்கு அங்கே என்ன வேலை? நிலத்தைக் காலி செய்யும்படி அக்காவுக்குக் கடிதம் போய்விட்டது. நான் கத்தினேன். மேலே யாரிடமாவது பேசச் சொன்னேன். "நானும் சம்பளக்காரன் தங்கச்சி, சூசா லா, கஷ்டம்" என்று மட்டும் சொன்னார். அரசாங்க அலுவலகத்தில் கேட்டேன். நிலம் தொழிற்சாலையுடையது, மாற்றம் விதிப்படியானது, இதில் உங்களுக்கு என்ன ஆட்சேபம் என்று மரியாதையாகக் கேட்டார்கள். விதியில் ஆட்சேபம் சொல்ல எனக்கு ஒன்றுமே இல்லை. புதிய திட்டம் என் மேசைக்கு வந்தது. அதில் ஒரு பிழை கண்டுபிடிக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஒன்றும் கிடைக்கவில்லை. கையெழுத்துப் போட்டேன்.

வேலியோரத்தில் பால் மாடு இல்லை என்று நேரில் பார்த்து உறுதி செய்வதும் என் வேலைதான். நான் போன அன்று அக்கா இன்னும் கிளம்பியிருக்கவில்லை. கெப்பாலா பத்தாஸ் சொந்தக்காரரின் லாரி கொட்டகை வாசலில் நின்றது. மாடுகளை அவர் எடுத்துக்கொள்கிறார். அக்கா அவர் கொட்டகையில் சாணி அள்ளிக்கொண்டு, ஒரு அறையில் இருந்துகொள்ளலாம். மற்ற மாடுகள் ஏறிவிட்டன. செவலை மட்டும் பலகையில் கால் வைக்க மறுத்தது.

"தங்கச்சி," என்றார் அக்கா, கயிற்றைக் கையில் சுற்றியபடி. "எம் பால்ல ஒண்ணுமில்லன்னு எழுதிக் குடுத்தீங்கதானே?"

"எழுதிக் குடுத்தேன்கா."

"கொஞ்சமா கெட்டுப்போயிருந்தா, எங்கள இங்கேயே வெச்சிருப்பாங்களோ?"

குத்தலாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். எனக்குப் பதில் தெரியும். அந்தப் பாலில் கொஞ்சம் ஏதாவது இருந்திருந்தால் அந்த இடத்தைத் திட்டத்திலிருந்து எடுக்க யாராலும் முடியாது. நானே விட்டிருக்க மாட்டேன். செவலையும் அக்காவும் அந்த வேலியோரத்தில் இன்னும் பல ஆண்டுகள் இருந்திருப்பார்கள், அந்தப் பாலைக் குடித்துக்கொண்டு.

நான் குனிந்து லாரிப் பலகையை நேராக்கினேன். அக்கா இன்னொரு தடவை கேட்கவில்லை.

"ஒரு கை பிடிங்க தங்கச்சி," என்றார். கயிற்றின் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டு நானும் இழுத்தேன்.