ஒரு வீட்டிலிருந்து ஒருவர்தான்

விண்கலத் தொடர் எதுவாக இருந்தாலும் முதல் இரண்டு மூன்று பாகங்கள் ஆள் எடுக்கிற வேலையிலேயே போய்விடும். கேப்டனிடம் புதுக் கப்பலைக் கொடுத்திருப்பார்கள். அவர் கிரகம் கிரகமாக அலைந்து ஒவ்வொருவராகப் பொறுக்கிச் சேர்ப்பார். தனக்கு அடுத்த இடத்துக்கு, தான் எதைச் சொன்னாலும் மறுத்துப் பேசுகிற ஒரு கறார்ப் பேர்வழி. டாக்டர் வேலைக்குப் பழைய சிநேகிதர். கேப்டனை நிற்க வைத்துத் திட்டும் உரிமை கப்பலிலேயே அவருக்கு மட்டும்தான். எஞ்சினுக்கு, எதைக் கேட்டாலும் முதலில் "முடியாது" என்று புலம்பிவிட்டு அப்புறம் முடித்துக் கொடுக்கிறவர். பாதுகாப்புக்கு, நேற்றுவரை எதிரியாக இருந்தவர். சண்டைக் காட்சிகளில் எனக்குத் தூக்கம் வந்துவிடும். இந்த ஆள் எடுக்கும் பாகங்களை எத்தனை தடவை போட்டாலும் பார்ப்பேன்.

கும்மிடிப்பூண்டியில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மதியம் இதுதான் பொழுதுபோக்கு. அப்பாவை நாங்கள் நைனா என்போம். அவர் பழவேற்காடு ஏரிக்கரையை விட்டு வரமாட்டார்; மீனை மட்டும் காலை பஸ்ஸில் கொடுத்தனுப்புவார். குழம்பும் சோறும் உள்ளே போனதும் அம்மா, நான், தம்பி மூவரும் டிவி முன்னால் உட்காருவோம். தமிழில் பேச வைத்த வெளிநாட்டுத் தொடர். வாய் ஒரு பக்கம், வார்த்தை ஒரு பக்கம். இருந்தாலும் அம்மா கண்கொட்டாமல் பார்ப்பாள், திட்டிக்கொண்டே.

அவளுக்கு அந்தக் கேப்டனிடம் ஒரே ஒரு வழக்குதான். ஏதாவது ஆபத்தான கிரகம் வந்துவிட்டால் அவர் தன் முக்கியமான ஆட்களையெல்லாம் சின்னக் கலம் ஒன்றில் ஏற்றிக்கொண்டு தானும் கூடவே இறங்கிவிடுவார். அந்தச் சின்னக் கலத்தை அம்மா படகு என்றுதான் சொல்வாள்.

"இவனுக்கு அறிவுன்னு ஒண்ணு கீதா? பெரியவன், சின்னவன், வைத்தியன், அத்தினி பேரையும் ஒரே படகுல ஏத்திக்கினு போறான். கவுந்துச்சின்னா கப்பல யாரு ஓட்டுவா?"

"எம்மா, அவுங்க போனாத்தான் கதை," என்பான் தம்பி.

"அப்ப கதைய மாத்தி எழுத சொல்லு."

சிரிப்போம். ஆனால் அவள் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. பழவேற்காட்டில் எங்கள் மீனவர் குப்பத்தில் ஒரு வீட்டு ஆட்கள் இருவர் ஒரே படகில் போவதில்லை. அம்மாவின் அண்ணன்கள் இருவரும் ஒரு நாள், ஆள் கிடைக்காத அவசரத்தில், சேர்ந்து கடலுக்குப் போனார்கள். அன்றோடு அந்த வீட்டில் ஆண்பிள்ளை என்று ஒருவரும் இல்லை.

நானும் தம்பியும் தேர்வாய் கண்டிகையில் ஒரே கம்பெனியில், ஒரே ஷிஃப்டில் வேலை பார்க்கிறோம். கார்களுக்கு பிளாஸ்டிக் பாகங்கள் செய்யும் கம்பெனி. ஒருத்தர் கம்பெனி பஸ்ஸில் போனால் இன்னொருத்தர் பைக்கில்தான் போக வேண்டும் என்பது அம்மாவின் கட்டளை. தம்பி பைக்கை எடுத்துக்கொண்டு நல்ல பிள்ளையாகக் கிளம்புவான். அடுத்த நிறுத்தத்தில் அதை நண்பன் கடையில் விட்டுவிட்டு, நான் இருக்கும் பஸ்ஸிலேயே ஏறிப் பல்லைக் காட்டுவான். நானும் அம்மாவிடம் மூச்சு விட்டதில்லை.

போன வருடம் என்னை ஷிஃப்ட் இன்சார்ஜ் ஆக்கினார்கள். ஆக்கிய கையோடு, தீப்பிடித்தால் முதலில் ஓட வேண்டிய எமர்ஜென்சி டீமுக்கு ஆட்களை நீங்களே எடுங்கள் என்றார் பாதுகாப்பு அதிகாரி. எனக்குத் தலைகால் புரியவில்லை. கேப்டன் நாற்காலியில் உட்கார்ந்தது போலத்தான் இருந்தது.

எனக்கு அடுத்த இடத்துக்கு, நான் வடக்கு என்றால் தெற்கு என்கிற மூத்த ஆபரேட்டர் அக்காவைப் போட்டேன். முதலுதவிக்குப் பக்கத்து மெஷின் தோழி. இன்சார்ஜ் ஆன பிறகும் என்னை "ஏய்" என்று கூப்பிடுகிறவள் அவள் ஒருத்திதான். தண்ணீர் பம்புக்கு, எப்போதும் புலம்பும் மெயின்டனன்ஸ் அண்ணன். மிச்சம் ஒரே ஒரு இடம். முகமூடி மாட்டிக்கொண்டு புகைக்குள் போகிறவரின் இடம்.

"உங்க தம்பிதான் சரியான ஆளு மேடம்," என்றார் அதிகாரி. எல்லோருக்கும் அது தெரியும். தண்ணீரில் வளர்ந்த உடம்பு, மூச்சடக்கத் தெரியும், இருட்டில் தடுமாறமாட்டான். நான் அவனை எடுக்கவில்லை. டீ இடைவேளைக்காக என்னோடு மல்லுக்கு நின்ற ஒரு பையனை எடுத்தேன்.

தம்பி கேன்டீனில் என் எதிரே வந்து உட்கார்ந்தான். தட்டில் கை வைக்கவில்லை.

"நான் இன்னாக்கா கொறச்சல்?"

"ஊட்டு ஆள டீம்ல போட்டா நாலு பேரு நாலு விதமா பேசுவாங்கடா."

"அதெல்லாம் சும்மா. நீயும் அம்மா மாதிரி ஆரம்பிச்சிட்ட. இது இன்னா படகா?"

நான் சொன்னது பாதிப் பொய். மீதியைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்தத் தொடர்களில் எப்படியும் ஒரு பாகத்தில், ஆள் உள்ளே இருக்கும்போதே கதவை மூடச் சொல்ல வேண்டிய கட்டம் கேப்டனுக்கு வரும். உள்ளே தம்பி இருந்தால் நான் சொல்லமாட்டேன். அப்படியானால் அந்த இன்னொரு பையன் இருந்தால் சொல்லிவிடுவேனா? அவனுக்கும் ஒரு அம்மா இருக்கிறாள். இதை நினைக்கும்போதெல்லாம் என் மேலேயே எனக்கு வெறுப்பாக இருந்தது.

பக்கத்து யூனிட் இன்சார்ஜ் தம்பியைக் கொத்திக்கொண்டு போய்த் தன் டீமில் சேர்த்துக்கொண்டார். அந்த டீமின் மஞ்சள் ஹெல்மெட்டை அவன் வீட்டுக்கே கொண்டுவந்து டிவி மேல் வைத்தான். அம்மாவிடம் ஏதோ பரிசு என்று கதை விட்டான். ஞாயிற்றுக்கிழமைகளில் தொடர் ஆரம்பித்ததும் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவான். பஸ்ஸில் கடைசி சீட். என்னோடு பேச்சு நின்றுபோனது. இன்சார்ஜ் பதவி வந்த சந்தோஷமெல்லாம் அதோடு போயிற்று.

பிறகு ஒரு முற்பகலில், கம்பெனி முழுவதற்கும் மாக் டிரில், அதாவது தீ விபத்து ஒத்திகை, வைத்தார்கள். சைரன் அலறியது. கிடங்கில் புகை போட்டார்கள். உள்ளே ஆள் மாதிரி ஒரு பொம்மையைக் கிடத்தியிருந்தார்கள். அதைத் தூக்கிவரப் பக்கத்து யூனிட் டீம்தான் போனது. முகமூடியும் மஞ்சள் ஹெல்மெட்டுமாகத் தம்பி புகைக்குள் நுழைந்ததைப் பார்த்தேன். என் டீமுக்குக் கிடங்கின் இந்தப் பக்க ஷட்டர் வாசல்.

வாக்கி டாக்கியில் பாதுகாப்பு அதிகாரியின் குரல் வந்தது: "புகை பரவுது. உங்க பக்கம் ஷட்டரை இறக்கச் சொல்லுங்க."

ஒத்திகைதான். உள்ளே இருப்பது வெறும் புகை. அந்தப் பக்கம் இன்னொரு கதவு திறந்தே இருக்கிறது. எல்லாம் எனக்குத் தெரியும். இருந்தும் வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை. அந்தக் குரல் மறுபடி கேட்டது. ஷட்டர் பொத்தானில் கை வைத்திருந்த என் டீம் பையன் என்னையே பார்த்தான்.

ஆபரேட்டர் அக்கா என் முகத்தை ஒருமுறை பார்த்தார்; உடனே பையன் பக்கம் திரும்பினார்.

"இன்னாத்துக்கு நின்னுகினு கீற? எறக்குடா!"

ஷட்டர் இறங்கியது. நான் அதன் எதிரிலேயே மரம் மாதிரி நின்றேன். ஆள் எடுத்ததில் ஒரு இடமாவது சரியாக எடுத்திருக்கிறேன் என்று தோன்றியது அப்புறம்தான்.

தம்பி அந்தப் பக்கக் கதவு வழியாகப் பொம்மையைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தான். எல்லோரும் கை தட்டினார்கள். முகமூடியைக் கழற்றி, வியர்வையோடு சிரித்துக்கொண்டே எங்கள் பக்கம் நடந்து வந்தவன், "இன்னாப்பா, ஷட்டர் இவ்ளோ லேட்டு?" என்றான். பொத்தான் பக்கம் நின்ற பையன் கண்ணை என் பக்கம் திருப்பினான். தோழி என் கையைப் பிடித்திருந்தாள். தம்பி அதைப் பார்த்தான், என் முகத்தையும் பார்த்தான். சிரிப்பு நின்றது.

பாதுகாப்பு அதிகாரி என்னைத் தனியாகக் கூப்பிட்டு இரண்டு வார்த்தை சொன்னார். நியாயமான வார்த்தைகள்தான்.

சாயங்காலம் பஸ்ஸில் ஏறி ஜன்னல் பக்கம் உட்கார்ந்தேன். கடைசியாகத் தம்பி வந்தான். படியில் ஒரு கால் வைத்து உள்ளே பார்த்தான். என் பக்கத்து சீட் காலியாக இருந்தது. வந்து உட்காருவான் என்று பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

அவன் காலை எடுத்துவிட்டுக் கீழே இறங்கி என் ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றான். எத்தனையோ நாள் கழித்து என்னோடு பேசினான்.

"நீ போக்கா. நான் அடுத்த பஸ்ல வரேன்."