முட்டைக்காட்டில் பெயர் கூப்பிடுதல்

மாமியாரை அடக்கம் செய்துவிட்டு வந்த வீட்டில் இன்னும் கூட்டம் குறையவில்லை. பகலெல்லாம் அழுகையும் சமையலுமாகப் போகிறது. வருகிறவர்கள் எல்லோரும் அவரைப் பற்றி நல்லதாகவே பேசுகிறார்கள். கேட்கக் கேட்க, யாரோ வேறொரு பெண்மணியைப் பற்றிப் பேசுவதுபோல் இருக்கிறது. மிகவும் சாந்தமானவர் என்று பாதிரியார் கோவிலில் சொன்னார். முட்டைக்காட்டுக்குப் போய் வந்த பிள்ளைகளில் ஒன்று அங்கே இருந்திருந்தாலும் அது சிரித்த சிரிப்பில் பூசை பாதியில் நின்று போயிருக்கும்.

அவர் பெயரை நான் எழுதப் போவதில்லை. எங்கள் தீவுப் பக்கத்தில் மாமியார் பெயரை மருமகளும், மருமகள் பெயரை மாமியாரும் வாயில் எடுக்கக் கூடாது. மாமனார், கொழுந்தன், நாத்தனார் என்று கல்யாணத்தால் வந்த எவர் பெயரும் அப்படித்தான். எல்லோருக்கும் பொதுவாக 'தம்பு' என்று ஒரு சொல் உண்டு. அவர் எனக்குத் தம்பு. நான் அவருக்குத் தம்பு. தப்பித் தவறிப் பெயரைச் சொல்லிவிட்டால், சொன்னவர் பன்றி கொடுத்துச் சமாதானம் செய்ய வேண்டும். ஆள் போய்விட்டால் இந்த விலக்கு இன்னும் இறுகும்.

பிள்ளைகள் அவரை 'சார்ஜன்ட்' என்றார்கள். அதை எழுதலாம்.

எரிமலைச் சரிவுக்குக் கீழே, எண்ணெய்ப்பனைத் தோட்டம் முடிகிற இடத்தில் இருக்கிறது எங்கள் முட்டைக்காடு. அங்கே மண் எப்போதும் சூடாக இருக்கும். காட்டுக்கோழிகள் வந்து ஆழமாகத் தோண்டி முட்டையைப் புதைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விடும். அடைகாப்பது மண்ணின் பொறுப்பு. "பெத்த கையோட பிள்ளைய டீச்சர்கிட்ட தள்ளிட்டுச் சந்தைக்குப் போறாளுங்கல்ல, அந்த மாதிரி அம்மா இது" என்று மாமியார் பிள்ளைகளுக்கு விளக்குவார். சொல்லும்போது டீச்சரான என்னைத்தான் பார்ப்பார்.

பறவை தோண்டிய குழி, முட்டை எடுக்க மனிதர் தோண்டிய குழி என்று காடு முழுக்கக் குழிகள். சிலது முழங்கால் ஆழம். சிலது ஆள் நின்றால் தலை தெரியாது. அடியில் போய்ப் பக்கவாட்டில் வளைபோல் நீளும். மேலே சருகு மூடியிருக்கும். இவை போதாதென்று, கொதிக்கிற குட்டைகள் வேறு. காப்பகம் என்று அரசாங்கம் பலகை நட்ட அன்று, நட்ட பலகையோடு படம் எடுத்துக்கொள்ள இரண்டடி பின்னால் போன அதிகாரி மார்பளவு இறங்கிப் போனார். தொப்பி மட்டும் மேலே நின்றது. அவரை அக்குளில் கை கொடுத்துத் தூக்கியவர் மாமியார். அடுத்த வாரம் பள்ளிக்கூட லாரி முதல்முறையாக வந்தபோது, யாரும் கேட்காமலே தடி எடுத்துக்கொண்டு வாசலில் நின்றார். அப்படி வந்ததுதான் அந்த வேலை.

அவருடைய சட்டங்கள் எளிமையானவை. எல்லோரும் ஒரே காட்டுக்கொடியைக் கயிறுபோல் பிடித்துக்கொண்டு வரிசையாக வர வேண்டும். அவர் கால் வைத்த இடத்தில்தான் கால் வைக்க வேண்டும். பறவையைப் பார்க்க வேண்டுமென்றால் நிற்க வேண்டும். நடக்கிறவன் பறவையைப் பார்த்தால் தடி அவன் கெண்டைக்காலைப் பார்க்கும். கொதிக்கிற குட்டைக்கு வந்ததும் ஒரு சர்க்கரைவள்ளிக் கிழங்கைக் கொடியில் கட்டி உள்ளே இறக்குவார். சற்றுப் பொறுத்து வெளியே எடுத்து, தோலை ஒரே இழுப்பில் உரிப்பார்.

"இது யாரோட காலு?" என்பார்.

பிள்ளைகள் குனிந்து தங்கள் காலைப் பார்ப்பார்கள்.

"சொல்லலைன்னா பரவால்ல. சாப்பிடுங்க." எல்லோரும் ஒரு துண்டு சாப்பிட்டே ஆக வேண்டும். வாழ்நாள் முழுக்க அந்தக் குட்டை பக்கம் ஒருத்தரும் போகமாட்டார்கள்.

பெயர் கூப்பிடுவதில்தான் சிக்கல். காட்டுக்குள் அடிக்கடி பெயர் கூப்பிட்டு எல்லோரும் இருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். ஆனால் எங்கள் ஊரில் பிள்ளைகளுக்குப் பெரியவர்கள் பெயரைத்தான் வைப்பார்கள். எந்த வகுப்பை எடுத்தாலும் மாமியாரின் மாமனார் பெயரில் ஒருத்தன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிற்பான். கொழுந்தன் பெயரில் இன்னொருத்தன் அவனைக் கிள்ளிக்கொண்டிருப்பான். ஆகவே அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். காட்டுக்குள் நுழையும்போது ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு சாப்பாட்டுப் பெயர்.

"டின் மீன்!"

"இருக்கேன்!"

"சோறு!"

"இருக்கேன்!"

"நூடுல்ஸ்! எங்கடி நூடுல்ஸ்?"

"சேம்பு தள்ளுது சார்ஜன்ட்!"

பனைத்தோட்டத்து ஆட்கள் காட்டுக்குள் கடை திறந்திருக்கிறது என்று நினைத்துப் பையோடு வந்த கதையும் உண்டு.

நான் ஐந்தாம் வகுப்பு ஆசிரியை. ஒவ்வொரு முட்டைப் பருவத்திலும் என் வகுப்பைக் கூட்டிப் போவேன். வீட்டில் அவருக்கு மருமகள், காட்டில் வரிசைக்குக் கடைசி ஆள். இரண்டு இடத்திலும் அவர் முன்னால், நான் பின்னால்.

நான் சொல்ல வந்த வருஷம் என் வகுப்பில் ஒத்திலியா என்று ஒரு பெண் இருந்தாள். அது என் பெயர். நான் இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த சமயத்தில் அவள் பிறந்தாள். பள்ளி லாரி ஓட்டுகிற அவள் அப்பா எனக்கு மரியாதை செய்வதாக நினைத்து அந்தப் பெயரை வைத்துவிட்டார். ஒரே பெயர் கொண்டவர்கள் எங்கள் ஊரில் பாதி உடன்பிறப்பு. அவள் என்னை டீச்சர் என்று கூப்பிட்டதைவிடப் 'பேர்காரி' என்று கூப்பிட்டதுதான் அதிகம். வீட்டுப்பாடம் கேட்டால், "நமக்குள்ள என்ன பேர்காரி?" என்பாள்.

அன்று அவள் லாரியை விட்டு இறங்கத் தாமதம். நல்ல பெயர்களெல்லாம் முடிந்துவிட்டன. கோழிக்கால் போய்விட்டது. பிஸ்கட்டும் போய்விட்டது.

"நீ பச்சைப் பப்பாளி" என்றார் மாமியார்.

"முடியாது. எனக்குப் பேரு இருக்கு."

"அது எல்லாருக்கும்தான் இருக்கு."

"என் பேரைச் சொல்லுங்க."

மாமியார் தடியை மண்ணில் ஊன்றினார். "உன் பேரு என் வாய்ல வராது. உனக்கே தெரியும். நட, பப்பாளி."

பிள்ளைகளுக்கு அது போதுமாக இருந்தது. வழி நெடுக "பப்பாளி, பேதிக்கு நல்லதாமே?" என்று முன்னாலிருந்து ஒருத்தன், "உப்புப் போட்டா இறங்கும்" என்று பின்னாலிருந்து ஒருத்தி. ஒத்திலியா வாயே திறக்கவில்லை. நான் அதைக் கவனித்தேன். நல்லதுக்குத்தான் என்று நினைத்தேன்.

குட்டையைத் தாண்டியதும் மாமியார் பெயர் கூப்பிட்டார். பப்பாளிக்குப் பதில் இல்லை. கொடியில் அவள் பிடித்திருந்த இடம் காலியாக இருந்தது. குட்டையில் நானும் கிழங்கைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் நழுவியிருக்கிறாள்.

மாமியார் முகத்தில் இருந்த விளையாட்டு போய்விட்டது. "எல்லாரும் இருக்கிற இடத்துல உக்காருங்க. எவன் எழுந்தாலும் காலை உடைப்பேன்" என்றார். எல்லோரும் உட்கார்ந்தார்கள். கொஞ்சம் தள்ளி ஒரு குழிக்குள்ளிருந்து ஹெர்மன் தலையை நீட்டினார். முட்டை எடுக்க வந்தவர். எங்கள் கிராம நீதிபதியும் அவர்தான். மாமியாருக்குச் சித்தி மகன். வாய் முழுக்கப் பாக்கு.

"அக்கா, ஒரு பிள்ளை என் பழைய குழில இறங்கிச்சே. நீ அனுப்புனேன்னு நினைச்சேன்."

"எந்தக் குழி?"

"அந்தா, விழுந்த மரத்துக்குப் பக்கத்துல. மண்ணு நல்லாயில்லன்னு நான் விட்ட குழி."

நாங்கள் பக்கத்தில் போனோம். போகப் போக மாமியார் என்னைக் கையால் தடுத்தார். குழியின் விளிம்பிலிருந்து மணல் கோடு கோடாக வழிந்துகொண்டிருந்தது. நாங்கள் ஓரடி வைத்தால் ஒரு பிடி மண் உள்ளே போனது. குழிக்குள் ஒத்திலியா பக்கவாட்டு வளைக்குள் நுழைந்து, காலை மட்டும் வெளியே நீட்டிப் படுத்திருந்தாள். தலைக்கு மேல் அத்தனை மண். இறங்கி இழுக்கலாம் என்றால், இறங்குகிறவர் கனத்துக்கே எல்லாம் சரிந்துவிடும். அவளாக ஊர்ந்து வெளியே வர வேண்டும்.

"ஒத்திலியா, வெளிய வா. மண்ணு சரியுது" என்றேன்.

"கதை விடாதீங்க பேர்காரி. இங்க நல்லா கதகதன்னு இருக்கு."

"நிஜமாத்தான் சொல்றேன். ஒத்திலியா!"

"நீங்க கூப்பிட்டா கணக்குல சேராது. அவங்க கூப்பிடணும்."

மாமியார் மண்டி போட்டார். "பப்பாளி வேண்டாம். கோழிக்கால்னு மாத்திக்கலாம். வா."

"வேணாம்."

"ரெண்டு கோழிக்கால்."

"ஒரு ஆளுக்கு ரெண்டு பேரா?"

"ஐஸ்கிரீம்?"

வெளியே நீண்டிருந்த கால் விரல்கள் அசைந்தன. ஊரில் ஐஸ்கிரீம் கிடைக்காது. கப்பல் வருகிற நகரத்துக்குப் போக வேண்டும். பிறகு, "ஐஸ்கிரீம்னு யாரும் சாமிகிட்ட வேண்டிப் பேரு வைக்கல. என் பேரைச் சொல்லுங்க" என்றாள்.

"தம்புன்னு கூப்பிடுறேன்டி. என் மருமக பேருதானே உனக்கு? அப்ப நீயும் எனக்கு மருமகதான். தம்பு, வெளிய வா."

"இன்னைக்குக் காலைல பப்பாளி, இப்ப மருமகளா?"

அப்போது உள்சுவரிலிருந்து ஒரு கூடை அளவு மண் பெயர்ந்து அவள் முழங்கால்மீது விழுந்தது. அவள் சிரித்துக்கொண்டே காலை உதறினாள். உதறியதில் இன்னும் கொஞ்சம் விழுந்தது. ஹெர்மன் பாக்கு மெல்வதை நிறுத்தியிருந்தார். நான் மாமியாரைப் பார்க்கவில்லை. அவரும் என்னைப் பார்க்காமல், குழியைப் பார்த்து, கோவிலில் வாசகம் படிக்கிற மாதிரி ஒவ்வோர் எழுத்தும் தெளிவாகச் சொன்னார்.

"ஒத்திலியா. வெளிய வாம்மா."

நானும் "வந்துட்டேன்" என்றேன். என்னை அறியாமல் வந்துவிட்டது.

அவள் பின்பக்கமாக ஊர்ந்து, முடியெல்லாம் மணலாக, குழியின் அந்தப் பக்கத்து வேரைப் பிடித்து ஏறி வந்தாள். வந்ததும் மாமியார் அவளைக் கட்டிப் பிடித்தார். பிடித்த கையோடு முதுகில் ஒன்று வைத்தார். அந்தக் குழி உடனே ஒன்றும் மூடிக்கொள்ளவில்லை. நாங்கள் சாப்பிட உட்கார்ந்த நேரத்தில், சிமெண்ட் மூட்டையைக் கீழே போட்டதுபோல் ஒரு சத்தம் கேட்டது. ஒத்திலியா கையிலிருந்த கிழங்கை அப்படியே வைத்துவிட்டாள். அன்று அவள் மறுபடி பேசவில்லை.

ஆனால் ஹெர்மன் பேசினார்.

"அக்கா, நான் கேட்டுட்டேன்."

"கேக்கலைன்னு சொன்னா உன் பல்லு கொட்டிடுமா?"

"நான் நீதிபதி. எனக்குக் காது இருக்கே."

"மொளகா இருக்குதா உன் தோட்டத்துல? அந்தக் காதுல வை" என்றார் மாமியார். ஆனாலும் மறுக்கவில்லை. ஒரு வகுப்புப் பிள்ளைகள் முன்னால் மருமகள் பெயரைச் சொல்லியாகிவிட்டது. சமாதானம் செய்தாக வேண்டும். எனக்கு.

பன்றி கொடுக்கும்வரை நான் கோபமாக இருக்க வேண்டும் என்பது முறை. அந்த வீட்டில் சாப்பிடக் கூடாது. நான் பள்ளி விடுதி அறைக்குப் போய் இருந்தேன். கோபம்தான் வரவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் மாமியார் வேலிக்கு அந்தப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"நேத்து சந்தைல சிரிச்சியாமே?"

"டின் மீன் விலையைக் கேட்டுச் சிரிப்பு வந்துடுச்சு, தம்பு."

"கோவத்துல இருக்கிறவ சிரிச்சா ஊரு என்ன நினைக்கும்? பரவால்ல, சின்னப் பன்னி போதும்னு நினைக்கும்."

"சின்னதே போதும். அந்தப் பிள்ளை உசிரோட இருக்கு."

"என் மருமக பேரு என்ன குட்டிப் பன்னி விலையா? வாய மூடு. நாளைக்குக் கோவில்ல முகத்தை நல்லாத் தூக்கி வை. எனக்குப் பின்னால உக்காந்து, கோவம்னு ஊருக்குத் தெரியிற மாதிரி இருமு."

நான் இருமினேன். நான் நடித்தது அவருக்குத் திருப்தியாக இல்லை. வெளியே வந்ததும், "அது ஜலதோஷ இருமல்" என்று காற்றில் சொல்லிவிட்டுப் போனார்.

சமாதானத்துக்கு ஊர்க் கூட்டம் கூடிய அன்று அவர் இழுத்து வந்தது தன் புது வீட்டுச் சடங்குக்காக வளர்த்த பன்றி. அதைவிடப் பெரியது ஊரில் இல்லை. பன்றி போனதால் வீட்டுக்குக் கூரை அந்த வருஷம் ஏறவில்லை. ஹெர்மன் அதைப் பார்த்து, "ஒரு பேருக்கு இவ்வளவு பெருசா அக்கா?" என்றார். "வந்தவ பேரு அப்படி" என்றார் மாமியார், என்னைப் பார்க்காமல். ஒத்திலியா முன் வரிசைக்கு வந்து, பெயர் தனக்கும் சொந்தம் என்பதால் பங்கு வேண்டும் என்று கேட்டாள். சபை கொஞ்சம் யோசித்து ஒரு பின்னங்காலைக் கொடுத்தது. அவள் அப்பா அதை லாரியில் முன்சீட்டில் வைத்து எடுத்துப் போனார்.

அடுத்த லாரி வந்தபோது, இவர் இனி என்ன செய்யப் போகிறார் என்று பார்க்க நானும் போயிருந்தேன். வேறொரு பள்ளிக்கூடம், பெயர் தெரியாத பிள்ளைகள். மாமியார் வாசலில் அவர்களை வரிசையாக நிறுத்தினார். சாப்பாட்டுப் பெயர் எதுவும் கொடுக்கவில்லை. ஒவ்வொரு பிள்ளையாகக் குனிந்து, முகத்துக்கு நேரே கேட்டார்.

"எப்படிக் கூப்பிட்டா நீ குழிக்குள்ள இருந்து வெளிய வருவே?"

பிள்ளைகள் முதலில் வெட்கப்பட்டார்கள். பிறகு ஒருத்தன் பந்தாட்டக்காரன் பெயரைச் சொன்னான். ஒருத்தி தன் அக்கா வைத்த செல்லப் பெயரை அவர் காதில் மட்டும் சொன்னாள். சொந்தப் பெயரைச் சொன்னவர்களும் உண்டு. அதில் கொழுந்தன் பெயர் வந்தபோது அவர் அந்தப் பள்ளி டீச்சரைக் கைகாட்டி, "இவனை அவ கூப்பிடுவா" என்றார். வரிசையின் கடைசியில் ஒரு குண்டுப் பையன்.

"எப்படிக் கூப்பிட்டாலும் வரமாட்டேன். எங்கம்மா கூப்பிட்டா மட்டும்தான் வருவேன்."

"உங்கம்மா எப்படிக் கூப்பிடுவா?"

அவன் இரண்டு கையையும் இடுப்பில் வைத்து, கழுத்து நரம்பு புடைக்க, "டேய் எருமை, அடுப்புல சட்டி காயுது, நீ எங்கடா செத்துக் கெடக்க!" என்று கத்திக் காட்டினான்.

மாமியார் அதை இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். "செத்துக் கெடக்க"வில் இழுப்பு போதவில்லை என்று பையன் திருத்தினான். மூன்றாம் தடவை சரியாக வந்தது. பிறகு அவர் கொடியைக் கையில் எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார். பிள்ளைகள் அவர் அடிமேல் அடி வைத்துப் போனார்கள். குட்டை வரைக்கும் அவர் அந்த ஏச்சை உரக்கச் சொல்லிப் பழகிக்கொண்டே போனார். ஒவ்வொரு தடவையும் கடைசிப் பையன், "இருக்கேம்மா!" என்றான்.