திரும்பி வருவதற்கென்று ஒதுக்கி வைத்தது

அண்ணனின் முதலாம் ஆண்டு நினைவு நாளுக்கு வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் என் வணக்கம். இந்த மலருக்காகச் சித்தப்பா மகன் முதலில் எழுதிக் கொண்டுவந்த பக்கத்தில், "போர் விமானங்களை ஓட்டி நாட்டுக்குப் பெருமை சேர்த்தவர்" என்று ஒரு வரி இருந்தது. அதை நான் அடித்துவிட்டேன். அவனுக்கு வருத்தம்தான். "என்னக்கா, பெரியப்பா காலத்துலேருந்து அப்படித்தானே சொல்லிட்டிருக்கோம்?" என்றான். ஆமாம், அப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறோம். அது பொய். அண்ணன் ஒரு நாள்கூடப் போர் விமானியாகப் பணிபுரிந்ததில்லை. விமானப் படையில் அவர் ஓட்டியது சரக்கு விமானம். பிறகு, பறக்கும்போதே மற்ற விமானங்களுக்கு எரிபொருள் கொடுக்கும் விமானம். எனக்கு வாய் அதிகம் என்பது உங்கள் எல்லோருக்கும் தெரியும். இன்றைக்கு அந்த வாயை எனக்கு எதிராகவே திறக்கிறேன்.

அண்ணன் பிறந்தது மேற்கு மாம்பலத்தில், மாடியில் ஒன்றரை அறை கொண்ட ஒரு வாடகை வீட்டில். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த அப்பா, தி.நகரில் ஒரு பாத்திரக்கடையில் வேலை பார்த்து, பிறகு சொந்தமாக ஒரு சின்னக் கடை போட்டார். வீட்டில் படிக்க இடம் கிடையாது. கடையின் பின்பக்கம் அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்துதான் அண்ணன் கணக்குப் போடுவார். முன்பக்கம் அப்பா ஒரு குக்கரைத் தட்டித் தட்டிக் காட்டிக்கொண்டிருப்பார். அந்தச் சத்தத்தில் படித்தவர் என்பதாலோ என்னவோ, எதற்கும் பதறாத மனிதராக வளர்ந்தார். கல்லூரி முடித்ததும், வீட்டில் யாரிடமும் சொல்லாமல் விமானப் படைத் தேர்வு எழுதித் தேறினார்.

பயிற்சியில் ஒரு கட்டம் வருமாம். போர் விமானமா, ஹெலிகாப்டரா, சரக்கு விமானமா என்று ஒவ்வொருவரும் தம் விருப்பத்தை வரிசைப்படுத்தி எழுதிக் கொடுக்க வேண்டும். மதிப்பெண்ணையும் கையின் பக்குவத்தையும் பார்த்து மேலிடம் முடிவு செய்யும். அண்ணன் விடுமுறையில் வந்தபோது, தமக்குச் சரக்கு விமானம் கிடைத்துவிட்டது என்று சொன்னார். அப்பாவின் முகம் விழுந்துவிட்டது.

"ஏல, மார்க்கு பத்தலியோ?"

"மார்க் இருந்துச்சுப்பா. நானாத்தான் முதல்ல அதை எழுதிக் கொடுத்தேன். சண்டை விமானத்துல ஒத்தை ஆளா உக்காந்திருக்கணும். நான் தப்புப் பண்ணா, 'டேய் தப்பு'ன்னு சொல்றதுக்கு எனக்குப் பக்கத்துல ஒரு ஆள் வேணும்."

"சரி சரி, இதை வெளிய சொல்லிக்கிட்டுத் திரியாத. லாரி ஓட்டுதான்னு நெனைப்பானுவோ. எவனாச்சும் கேட்டா சண்டை பிளேனுன்னு சொல்லிட்டுப் போ."

அண்ணன் அப்படிச் சொல்லவில்லை. அப்பா சொன்னார். கடைக்கு வருகிறவர்களிடம் சொன்னார், கல்யாண வீடுகளில் சொன்னார், சாகும் வரை சொன்னார். அண்ணன் ஒரு முறைகூட மறுத்துப் பேசி அப்பாவைத் தலைகுனிய வைக்கவில்லை. நானும் அப்பாவைப் போலத்தான் நினைத்தேன்: பெரியது கிடைக்கவில்லை, மிச்சம் இருந்ததை வாங்கிக்கொண்டு, தானே கேட்டதாகச் சொல்லிக்கொள்கிறார். பாவம், கௌரவத்துக்காகச் சொல்கிறார் என்று மனதுக்குள் இரக்கப்படவும் செய்தேன்.

அவருடைய வேலை என்ன என்று நாங்கள் யாரும் சரியாகக் கேட்டதில்லை. பனிமலை உச்சியில் காவல் இருக்கும் வீரர்களுக்கு அரிசியும் மண்ணெண்ணெயும் கொண்டுபோய், விமானத்தின் பின்கதவைத் திறந்து பாராசூட்டில் இறக்குவார்கள். வெள்ளம் வந்த ஊர்களுக்குப் படகும் பால் பவுடரும் கொண்டுபோவார்கள். இறந்துபோன வீரர்களின் பெட்டிகளை அவரவர் ஊருக்குக் கொண்டுவந்து சேர்ப்பதும் அவர்கள்தான். "அன்னிக்கு மட்டும் யாரும் பேசிக்க மாட்டோம் பாப்பா. இறங்கும்போது துளி அதிர்ச்சி இல்லாம இறக்குவேன். அவங்களுக்குத் தெரியப்போறதில்ல. இருந்தாலும்…" என்று ஒரு முறை சொன்னார். எனக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்த பிறகும் அண்ணனுக்கு நான் பாப்பாதான்.

அண்ணனுக்கு ஒரு வரன் ஏறக்குறைய முடிவாகி நின்று போனதைப் பெரியவர்கள் அறிவார்கள். மாப்பிள்ளை மாதத்தில் எத்தனை நாள் வீட்டில் இருப்பார் என்று பெண் வீட்டார் கேட்டார்கள். "உறுதியாச் சொல்ல முடியாதுங்க. சில மாசம் பத்து நாள், சில மாசம் அதுவும் இருக்காது" என்று அண்ணன் உள்ளதைச் சொல்லிவிட்டார். அவர்கள் காபியைக் குடித்துவிட்டு எழுந்து போனார்கள். "கொஞ்சம் கூட்டிச் சொல்லித் தொலைக்கக் கூடாதா?" என்று நான் சண்டை போட்டேன். அதன் பிறகு அவர் பெண் பார்க்கவே ஒத்துக்கொள்ளவில்லை.

சில ஆண்டுகள் கழித்து எரிபொருள் விமானத்துக்கு மாறினார். அது என்ன வேலை என்று அம்மா கேட்டார். அப்போது எங்கள் தெருவில் தண்ணீர் லாரி வந்து நின்றிருந்தது. அண்ணன் அதைக் காட்டி, "அந்த லாரி மாதிரிதாம்மா. ஆனா நாங்க நிக்காமப் பறந்துக்கிட்டே ஊத்தணும். பின்னால ஒரு குழாயை நீளமா விடுவோம். சண்டை விமானம் வந்து அதுல மூக்கை மாட்டிக் குடிச்சிட்டுப் போகும். அது குடிக்கிற வரைக்கும் நாங்க ஆடாம அசையாமப் போகணும், அவ்வளவுதான்" என்றார்.

அம்மா யோசித்தார். "எல்லாத்தையும் ஊத்திட்டா நீ எப்படிடா வீடு திரும்புவ?"

"முதல்ல நாங்க திரும்பி வர்றதுக்கு எவ்வளவு வேணும்னு பார்த்து ஒதுக்கிடுவோம்மா. அதுல கை வைக்கவே மாட்டோம். யார் கெஞ்சிக் கேட்டாலும் கிடையாது. அது சட்டம்."

அம்மாவுக்கு அந்தப் பதில் பிடித்துப்போயிற்று. ஒவ்வொரு முறையும் அவர் விடுமுறை முடிந்து கிளம்பும்போது, திருநீறு பூசிவிட்டு, "திரும்பி வர்றதுக்கு வச்சிருக்கியாடா?" என்று கேட்பார். "வச்சிருக்கேம்மா" என்பார் அண்ணன்.

அப்பா காலமான பிறகு அம்மா என்னோடு இருந்தார். மெல்ல மெல்ல மறதி வந்தது. முதலில் அடுப்பை மறந்தார், பிறகு என் பிள்ளைகளின் பெயரை மறந்தார். என் கணவர் அப்போது துபாயில் வேலையில் இருந்தார். எனக்குப் பள்ளிக்கூட வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் துணி காயப்போட்டுவிட்டுக் கீழே வருவதற்குள் அம்மாவைக் காணவில்லை. தெருத் தெருவாக ஓடினேன். கடைசியில் மாம்பலம் ரயில் நிலையத்தில், ஒரு பெஞ்சில் வெறும் காலோடு உட்கார்ந்திருந்தார். "புள்ள ரயில்ல வரான். கூட்டிட்டுப் போலாம்னு வந்தேன்" என்றார். வீட்டுக்கு வந்ததும் அண்ணனுக்குத் தொலைபேசி செய்து ஓவென்று அழுதேன். "நீ வந்துருண்ணா. என்னால தனியா முடியல. நீ வரலைன்னா நான் செத்துருவேன்" என்றேன். அம்மா எங்கே, எப்படி இருந்தார் என்று அண்ணன் கேட்டார்; சொன்னேன். பிறகு, "சரி பாப்பா, அழாத. வந்துடறேன்" என்றார். விலகல் கேட்டு எழுதிக் கொடுத்து, அனுமதி வந்ததும் இரண்டு பெட்டிகளோடு வந்து இறங்கினார். அப்போது அவருக்கு நாற்பத்து நான்கு வயது.

"ஏண்ணா, அவ்வளவு சுலபமா விட்டுட்டாங்களா?" என்று கேட்டதற்கு, "அங்க என் வேலை முடிஞ்சு போச்சு பாப்பா" என்றார். அதாவது, பதவி உயர்வு கொடுக்காமல் ஒதுக்கிவிட்டார்கள் என்று நான் பொருள் செய்துகொண்டேன்.

ஆறு ஆண்டுகள் அம்மாவை அவர் பார்த்துக்கொண்டார். குளிப்பாட்டினார், ஊட்டினார், தலை பின்னக்கூடக் கற்றுக்கொண்டார். பயணிகள் விமான நிறுவனங்களிலிருந்து அழைப்பு வந்தது. ராணுவச் சரக்கு விமானிகளுக்கு அங்கே நல்ல மதிப்பு உண்டு. அம்மாவை விட்டுவிட்டு எப்படிப் பறப்பது என்று அவர் போகவில்லை. ஆழ்வார்பேட்டையில் ஒரு பயிற்சி நிலையத்தில் வாரத்தில் சில மணி நேரம் கணக்கு வகுப்பு எடுத்தார், அவ்வளவுதான். பால் வாங்கக் கீழே இறங்கினால்கூட அம்மா கேட்பார்: "திரும்பி வர்றதுக்கு வச்சிருக்கியாடா?" மற்றது எல்லாம் மறந்துபோன பிறகும் அந்தக் கேள்வி மட்டும் அம்மாவுக்கு மறக்கவில்லை. அண்ணனும் சலிக்காமல், "வச்சிருக்கேம்மா" என்பார்.

விமானியாக ஆசைப்படும் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு பெற்றோர்கள் வீட்டுக்கு வருவார்கள். அண்ணன் யாருக்கும் ஆசை காட்டியதில்லை. "சரக்கு விமானம்னா பேப்பர்ல பேர் வராது. தீபாவளிக்கு வீட்ல இருக்க மாட்டீங்க. ஆனா நாலஞ்சு பேர் சேர்ந்து ஒரு வேலையைச் செய்யற திருப்தி இருக்கும். வெளிய வந்தா வேலையும் கிடைக்கும். சண்டை விமானம் கிடைக்கலைன்னு மட்டும் இதுக்கு வராதீங்க, தினம் தினம் கசக்கும்" என்பார். கடைசியாக எல்லோரிடமும் ஒரே கேள்வியைக் கேட்பார்: "வீட்ல அப்பா அம்மாவைப் பார்த்துக்க யாரு இருக்கா?" நான் சமையலறையில் காபி ஆற்றிக்கொண்டே, மரியாதைக்கு விசாரிக்கிறார் என்று நினைத்துக்கொள்வேன்.

அம்மா போன பிறகு, அண்ணன் மறுபடி பறக்க முயன்றார். உரிமத்துக்கான உடல் பரிசோதனையில் தேறவில்லை. சர்க்கரை ஏறியிருந்தது, இதயத்திலும் கோளாறு. ஆறு ஆண்டு அம்மாவின் உடம்பைக் கவனித்தவர் தம் உடம்பை ஒரு நாளும் கவனிக்கவில்லை. அதன் பிறகு மருத்துவரிடமும் ஒழுங்காகப் போகவில்லை, என்னோடும் அதிகம் பேசவில்லை. ஒரு நாள் காலை, நான் தோசை ஊற்றிக்கொண்டிருந்தபோது மாத்திரையைப் பற்றிப் பேச்சு வந்து முற்றிவிட்டது. "உன்னை ஏர்ஃபோர்ஸ்லயும் வேணாம்னு அனுப்பிட்டாங்க, இப்ப இங்கயும் வேணாம்னுட்டாங்க. இந்தப் பிடிவாதம் மட்டும் குறையல!" என்று கத்தினேன். சொன்ன வாயை என்ன செய்வது? அண்ணன் என்னைப் பார்த்தார். பிறகு, "தோசையைத் திருப்பு பாப்பா, கருகுது" என்றார்.

அதிலிருந்து நான்காவது மாதம் போய்விட்டார். நான் பள்ளிக்குக் கிளம்பிப் போன பிறகு, காலையில் காபி குடித்த டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. ஐம்பத்து நான்கு வயது சாகிற வயதா?

பதினாறாம் நாள் காரியத்துக்கு வடபழனியிலிருந்து ஒருவர் வந்திருந்தார். எரிபொருள் விமானத்தில் அண்ணனோடு பல ஆண்டுகள் பறந்த இன்ஜினியர், இப்போது ஓய்வு பெற்றவர். அவர் அருகில் உட்கார்ந்து, "பதவி உயர்வு மட்டும் கிடைச்சிருந்தா அண்ணன் இன்னும் அங்கயே இருந்திருப்பாரு சார்" என்று சொல்லிவிட்டேன். அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார்.

"இன்னாம்மா சொல்றீங்கோ? சாருக்கு ஸ்குவாட்ரனையே குடுத்துட்டாங்கோ. இனிமே அந்தப் பிளேனுங்க எல்லாத்துக்கும் சார்தான் தலைவர்னு ஆர்டர் வந்துட்ச்சு. நாங்க ஸ்வீட் வாங்கிக்கினு போய் நிக்கிறோம், சார் வேலைய வுட்டு வெலகுறேன்னு எழுதிக்கினு கீறாரு. ஏன் சார்னு கேட்டேன். எங்கம்மா ஸ்டேஷன்ல செருப்பு இல்லாம உக்காந்துக்கினு இருந்தாங்களாம்ப்பான்னாரு. அதுக்கு மேல நான் இன்னா கேக்கறது?"

சரக்கு விமானத்தையும் அவரே கேட்டு வாங்கினாரா என்று கேட்டேன். "பின்ன? அந்த பேட்ச்ல ஃபைட்டர் குடுக்கறேன்னு சொல்லியும் வேணாம்னவரு சார் ஒருத்தர்தான். அத வச்சி நாங்க எவ்ளோ கலாய்ப்போம் தெரியுமா?" என்று சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஆர்டர் வந்தத தங்கச்சிகிட்ட மட்டும் சொல்லிடாதன்னாரும்மா. தெரிஞ்சா வராதண்ணான்னு சொல்லிடும்னாரு" என்றார்.

என்னைப் பற்றி அண்ணன் அவ்வளவு நல்லபடியாக நினைத்திருக்கிறார். தெரிந்திருந்தால் வர வேண்டாம் என்று சொல்லியிருப்பேனா? இந்த ஓர் ஆண்டாக யோசித்துப் பார்க்கிறேன். சொல்லியிருக்க மாட்டேன். அன்றைக்கு இருந்த நிலையில், "அப்பாடா, வந்தால் போதும்" என்றுதான் இருந்திருப்பேன்.

அதனால்தான் அந்த வரியை அடித்தேன். அண்ணனின் படத்துக்குக் கீழே, "சரக்கு விமானி, எரிபொருள் விமானி, தாமே விரும்பிக் கேட்டுப் பெற்ற பணி" என்று போடச் சொல்லியிருக்கிறேன். அப்பா மேலே இருந்து கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

அண்ணன் போன அன்று, நான் வீட்டில் இல்லாத நேரத்தில் கதவைத் தட்டிப் பார்த்து, சந்தேகப்பட்டு, ஆட்களைக் கூட்டி மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடிய கீழ்வீட்டுக் குடும்பத்துக்கும், அம்மாவின் மருந்துகளை மழையிலும் கொண்டுவந்து கொடுத்த மருந்துக்கடைக்காரருக்கும், இந்த மலரைப் பொறுமையோடு திருத்தி அச்சிட்ட சித்தப்பா மகனுக்கும், உண்மையைச் சொன்ன வடபழனி நண்பருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

அண்ணா, உனக்கு நன்றி சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இங்கே வந்த பிறகும் அம்மா கேட்கும்போதெல்லாம் "வச்சிருக்கேம்மா" என்றாயே, அப்போது உன்னிடம் அது இல்லை. யார் கெஞ்சிக் கேட்டாலும் கொடுப்பதில்லை என்று சொன்னதை, ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அழுது வாங்கிக்கொண்டுவிட்டேன்.

உன் பாப்பா