அழுத்தாதே, ப்ரியா

இல்லை, ஏழாயிரம்பண்ணைக்குப் பட்டாசு வாங்கப் போகவில்லை. தோழி ப்ரியா சென்னையில் செய்த கைப்பட்டை ஒன்றை அவள் அம்மாவிடம் சேர்க்கப் போனேன். போன மாதம், ஒரு புதன்கிழமை. பட்டைகள் ஒரு ஜோடி; இன்னொன்று ப்ரியாவின் கையில். ஒன்றை அழுத்தினால் மற்றொன்று அணிந்தவரின் மணிக்கட்டில் இறுகும். மெல்ல என்றால் மெல்ல. உள்ளே சிம், பேட்டரி, குட்டி மோட்டார்.

மாட்டுத்தாவணியில் மதியம் 1.10க்குப் பஸ். விருதுநகருக்கு 50 ரூபாய். பிறகு சாத்தூர். அங்கிருந்து ஏழாயிரம்பண்ணைக்கு டவுன் பஸ், பெண்களுக்கு டிக்கெட் இல்லை. ஜன்னலோரம் வேண்டாம், புழுதி.

ப்ரியாவின் அம்மா முத்துலட்சுமி, பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து அடைக்கிறார். அந்த வேலையை விடச் சொல்லி மகள் சண்டை போட்டாள். நான்கு மாதமாக இருவரும் பேசுவதில்லை.

"இது போனா தாயி?" என்றார், பட்டையைத் திருப்பிப் பார்த்து.

"போன் இல்லம்மா. கையைப் பிடிக்கிற மாதிரி."

மறுநாள் 7.30க்கு அவர் பட்டையோடு கம்பெனி வேனில் ஏறினார். 10.40, டீக்கடையில் இருந்தேன். ப்ரியா அழைத்தாள். அழுகை.

"அம்மா பிடிச்சாங்கடி. இப்பத்தான். ரொம்ப நேரம். நானும் பிடிக்கப் போறேன்."

"அழுத்தாதே!"

கடைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"அவங்க உள்ளே இருக்காங்க, ப்ரியா. வேலையில."

மருந்து அறையில் மோட்டார் சுழன்றால், ஒரு பொறி போதும். அந்த மோட்டாரைப் பொருத்தியவள் அவள்தான்.

கம்பெனி வாசலுக்கு ஆட்டோ, 3 கி.மீ., 100 ரூபாய்.

"இங்கன நில்லுங்கம்மா," என்றார் வாட்ச்மேன். "பட்டாசு வேணும்னா ரோட்டுக் கடைக்குப் போங்க. போனை அந்தப் பெட்டியில போடுங்க."

விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் வெளுத்தது. ஓடினார்.

முத்துலட்சுமி வந்தார். விரல்களில் சாம்பல் நிற மருந்து. பட்டை ஜாக்கெட் கைக்குள் ஏறியிருந்தது.

"கேட்ல போனு, தீப்பெட்டிதான் கேட்டாக. இது போன் இல்லன்னு நீதான தாயி சொன்ன?"

ஆம். நான்தான் சொன்னேன்.

"எம்புட்டு நேரம் அழுத்தினேன். பதிலே இல்ல. அவளுக்கு இன்னும் கோவமா?"



இந்தப் பக்கம் வருபவர்களுக்கு: ஸ்மார்ட் வாட்ச், இயர்போன், பேட்டரி உள்ள எதையும் வாசலிலேயே காட்டுங்கள். யாரும் கேட்கமாட்டார்கள் என்றாலும் காட்டுங்கள். இதுபோன்றவற்றை உணர்வைக் கடத்தும் கருவி என்று என் கட்டுரைகளில் எத்தனை முறை எழுதியிருக்கிறேன். அது எந்த அறைக்குள் போய்ச் சேரும் என்று ஒருமுறைகூட யோசித்ததில்லை.

பட்டையை வாங்கி அதன் சுவிட்சை அணைத்தேன். நான்கு மணி பஸ்ஸில் ஏறவில்லை. ஐந்தரைக்கு வேன் அவரை வீட்டில் இறக்கியது. அவர் குளித்து முடித்ததும் பட்டையை மீண்டும் இயக்கி அவர் கையில் கட்டிவிட்டு, ப்ரியாவை அழைத்து, "இப்போ அழுத்து" என்றேன்.