கிணற்று வெள்ளைக்கல்

மகள் கல்யாணம் செய்துகொண்டு போன அன்றே என் வீட்டுக்காரர் அவளைத் தலைமுழுகிவிட்டார். பையன் வேறு சாதி. "இந்த ஊட்ல இனி அவ பேச்சே வரக்கூடாது" என்றார். அவள் துணிமணியைக்கூட எடுத்துக்கொண்டு போகவில்லை. அவள் அறையில் மீன்தொட்டி மட்டும் மோட்டார் சத்தத்தோடு ஓடிக்கொண்டிருந்தது. மீனுக்கு யார் மேல் என்ன கோபம்? நான் தீனி போட்டேன்.

போனில் அவள் என்னிடம் பேசுவதும் மீனைப் பற்றித்தான். வேறு எதைத் தொட்டாலும் இரண்டு பேரில் ஒருத்தி அழுதுவிடுவோம். அதனால் தொட்டிக்குள் வைக்கிற கல்லைப் பற்றிப் பேசினோம்.

"சாயம் போட்ட கல்லு வேண்டாம்மா. சிப்பி, மார்பிள் ஆகவே ஆகாது. கூர் இருந்தா துடுப்பு கிழிஞ்சிரும். எந்தக் கல்லா இருந்தாலும் கழுவிக் காயவெச்சு ரெண்டு சொட்டு வினிகர் உட்டுப் பாருங்க. நுரைச்சா சுண்ணாம்பு இருக்குதுன்னு அர்த்தம்."

எங்கள் வீட்டுக் குழாயில் வருவது உப்பில்லாத சிறுவாணித் தண்ணீர். அவளுடைய சின்ன நியான் மீன்களுக்கு அதுதான் ஒத்துக்கொள்ளும். சுண்ணாம்பு கரைந்தால் போர் தண்ணீர் மாதிரி ஆகி, மீன் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துப்போகுமாம். உக்கடத்து மீன் கடையில் கருங்கல் வாங்கி வந்து, ஒவ்வொன்றுக்கும் சொட்டு விட்டு, படம் எடுத்து அனுப்பினேன். பெற்ற பெண்ணிடம் பேச எனக்கு வாய்த்தது அவ்வளவுதான்.

ஒரு நாள் காலையில் தொட்டிக்குள் புதிதாக ஒரு வெள்ளைக்கல் இருந்தது, தேங்காய் அளவுக்கு. பார்த்ததும் தெரிந்துவிட்டது. மதுக்கரைப் பக்கம் எங்கள் தோட்டத்துக் கிணற்றை ஆழப்படுத்தியபோது வந்து குவிந்த கல். சின்ன வயதில் மகள் பாவாடை நிறையப் பொறுக்குவாள். அவர் திட்டிக்கொண்டே காரில் ஏற்றுவார். இப்போது தொட்டிக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவள் போன பிறகு அந்த அறைக்குள் அவர் கால் வைத்ததே இல்லை.

"நான் வெச்சேன்னு சொல்லிப்போடாதே" என்றார்.

இந்த மனுஷனுக்கு மன்னிக்கவும் வராது, மன்னிப்புக் கேட்கவும் வராது. கல்தான் வரும். படம் எடுத்து அனுப்பினேன். யார் வைத்தது என்று சொல்லவில்லை. பார்த்தால் அவளுக்கே புரியும் என்று நம்பினேன்.

உடனே கூப்பிட்டாள். "அம்மா, அது சுண்ணாம்புக்கல்லு மாதிரி இருக்குது, மொதல்ல எடுத்துருங்க. கடைக்காரன் எதையோ உங்க தலைல கட்டிட்டான்."

அப்படியும் சில நாள் விட்டுவைத்தேன். தினமும் காலையில் காபியோடு அங்கே போய் உட்காருகிறாரே, எப்படி எடுக்க? ஒரு மீன் செத்து மிதந்தது. பிறகு இன்னொன்று. அவர் குளிக்கப் போன நேரத்தில் கல்லை வெளியே எடுத்தேன்.

தலை துவட்டிக்கொண்டே வந்தவர் அது இருந்த இடத்தைப் பார்த்தார்.

"வேண்டாம்னுட்டாளா?"

"ஐயோ, அப்படி இல்லீங்க. இது சுண்ணாம்புங்க, மீனுக்கு ஆகாதுங்க. இங்க பாருங்க" என்று வினிகரை விட்டேன். கல் நன்றாகவே நுரைத்தது. அவர் அதைப் பார்க்கவேயில்லை. கல்லை எடுத்துக்கொண்டு வண்டியில் கிளம்பிப் போனார். கிணற்றிலேயே போட்டுவிட்டதாகச் சாயங்காலம் சொன்னார். நாற்காலி மறுபடியும் டிவிக்கு முன்னால் வந்துவிட்டது.

இனி எதைக் காப்பாற்ற வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும்? அந்த ஞாயிற்றுக்கிழமை மகளிடம் சொல்லிவிட்டேன், அது அப்பா வைத்த கல் என்று. எந்தக் கிணற்றுக் கல் என்பதையும் சொன்னேன். அவள் அழுதுகொண்டே கேட்டாள்.

"மீன் செத்தாச் செத்துட்டுப் போகுது. அதை ஏம்மா எடுத்தீங்க?"

மீதி மீன்கள் நன்றாகத்தான் இருக்கின்றன. எனக்கு அவற்றைப் பார்க்கவே பிடிக்கவில்லை.