துரைசானிக்கு ஆறு காட்டிய நாள்

கவுஸ் பாஷாவுக்கு அன்றைக்கு வண்டி பூட்டவே மனசில்லை. ஐம்பத்திரண்டு வயசு. மேல்விஷாரத்தில் தோல் பதனிடும் ஷாப்பில் இருபது வருஷம் சுண்ணாம்புக் குழிக்குள் நின்று கால் வெந்தபிறகு, இருந்ததையெல்லாம் போட்டு ஒரு ஜட்கா வாங்கி, காட்பாடி ஸ்டேஷனுக்கும் வேலூருக்கும் நடுவே அலைகிற மனுஷர். முந்தின நாள்தான் மனைவி ஹலீமா பீயை வேலூரில் பெண்கள் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். வயிற்றில் கட்டி. அன்றைக்கு, வியாழக்கிழமை, ஆபரேஷன். உள்ளே கூடப் போனவள் அவருடைய தங்கை அக்தர் பானு. அவர் வெளியே குதிரையோடு நின்றார்.

பின்னே ஏன் வண்டி பூட்டினார் என்று கேட்பீர்கள். அது பர்தாப் பெண்களுக்கான கோஷா ஆஸ்பத்திரி. ஆண்களைச் சாயங்காலம் நாலு மணிக்குத்தான் வார்டுக்குள் விடுவார்கள், அதுவும் கால்மணி நேரம். பெண்கள் சமாசாரத்தைப் பெண்களே பார்த்துக்கொள்வது அவர்கள் வீட்டு வழக்கம். பகலெல்லாம் வாசலில் குந்தியிருந்து என்ன கிழிக்கப்போகிறோம், அவள் கண் விழிக்கும்போது முகத்தைக் காட்டினால் போதும் என்று நினைத்துவிட்டார். அவருடைய பிசகு அதுதான்.

ஜார்ஜ் ராஜாவுக்குப் பட்டம் கட்டிய மறுவருஷம், மாசி மாதம். உலகம் சுற்றும் கப்பல் ஒன்று மெட்ராஸ் துறைமுகத்தில் நின்றிருந்தது. அதிலிருந்து ஒரு துரைசானி, ஒரே நாளில் வேலூரைப் பார்த்துவிட்டுத் திரும்புவதாக, பேச்சை மொழிபெயர்த்துச் சொல்லும் துபாஷ் அந்தோணியோடு காலை ரயிலில் வந்திறங்கினாள். கையில் அச்சடித்த காகிதம். முதலில் பாலாற்றில் படகு சவாரி, அப்புறம் கோட்டை, கடைசியில் அந்தப் பெண்கள் ஆஸ்பத்திரி. ஆஸ்பத்திரி என்ற சொல்லைக் கேட்டதும் பாஷா சரி என்றுவிட்டார். எப்படியும் நாலு மணிக்கு அங்கேதானே போகப்போகிறோம்!

படகு சவாரியாம். காகிதத்தை எழுதிய மகானுபாவன் மெட்ராஸில் மேஜைமுன் உட்கார்ந்து எழுதியிருக்கிறான், பாலாற்றைக் கண்ணால் கண்டவனில்லை. கரையில் வண்டி நின்றது. கண்ணுக்கெட்டிய மட்டும் மணல். நடுவில் பெண்கள் ஊற்றுப் பறித்து, கலங்கல் தண்ணீரை வெளியே இறைத்துவிட்டு, தெளிந்த தண்ணீர் ஊறுவதற்காகக் காத்திருந்தார்கள். ஆறு எங்கே என்று துரைசானி கேட்டாள். இதுதான் ஆறு என்று அந்தோணி சொன்னதை அவள் நம்பவில்லை. எதிர்க்கரை ஓரம் ஏதோ மினுங்கியதாம், அதுவரை வண்டியை விடச் சொன்னாள். வேண்டாம் என்று பாஷா தலையாட்டினார். யார் கேட்டார்கள்? பாதி மணல் தாண்டுமுன் சக்கரம் அச்சுவரை இறங்கிவிட்டது. ஷாப்புக்குத் தோல் சுமந்து போன ஆட்களைக் கூவி அழைத்துத் தூக்கிவிடுவதற்குள் குதிரைக்கு வாயில் நுரை தள்ளிவிட்டது. இரண்டு மணி நேரம் போச்சு. மினுங்கியது கால் நனைகிற தண்ணீர். துரைசானி அதில் விரலை நனைத்துக்கொண்டு திரும்பினாள்.

கோட்டையில் அகழியைச் சுற்றச் சுற்ற அவளுக்கு ஆசை தீரவில்லை. நேரம் ஆக ஆகப் பாஷாவுக்குப் பயம் ஏறியது. இந்நேரம் கத்தி வைத்திருப்பார்களா, இந்நேரம் தையல் போட்டிருப்பார்களா, பிழைத்தாளா? வாய்விட்டுச் சொல்ல வெட்கமாக இருந்தது. பெண்டாட்டியை அங்கே விட்டுவிட்டு ஊர் சுற்றுகிறானே என்று துபாஷ் நினைக்கமாட்டானா? குதிரைக்குத் தண்ணீர் காட்டுவதாகப் போய் மரத்துக்குப் பின்னால் நின்று துஆ கேட்டார்.

ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்தபோது நாலாகப் பத்து நிமிஷம் இருந்தது. துரைசானி பெண்ணாயிற்றே, நேரே உள்ளே போனாள். அவளை வரவேற்க வந்த நர்ஸ் மரியம்மாள் ஜட்காக்காரரைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"பாய், நீங்க ஹலீமா பீ வீட்டுக்காரர்தானே? காலையிலேர்ந்து எங்க போய்ட்டீங்க?"

புருஷன் கைநாட்டு வைக்காமல் கத்தி எடுக்கமாட்டார்கள். எல்லா ஆம்பளைகளையும் போல அவரும் வாசலில்தான் இருப்பார் என்று நம்பி, அக்தர் பானு அதைச் சொல்லி அனுப்பவில்லை. காலையில் அவள் வெளியே வந்து பார்த்தால் ஆளைக் காணோம். வீட்டுக்கு ஆள் போய்த் திரும்பியது, ஸ்டேஷனுக்குப் போய்த் திரும்பியது. டாக்டரம்மா மூன்று மணிவரை பார்த்தார். வெளிச்சம் இறங்கினால் ஆபரேஷன் கிடையாது. அங்கே வியாழக்கிழமை மட்டும்தான் ஆபரேஷன் நாள், இனி அடுத்த வியாழன்தான்.

நீட்டின காகிதத்தில் பாஷா கட்டைவிரலை அழுத்தினார். மை பரவிவிட்டதால் இரண்டாம் தரம் வைக்கச் சொன்னார்கள்.

வார்டில் ஹலீமா பீ கட்டிலில் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். ஆபரேஷனுக்காக முந்தின ராத்திரியிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவிடவில்லை, இப்போதுதான் கொடுத்திருக்கிறார்கள். முகம் சுண்டிப்போயிருந்தது. புருஷனைக் கண்டதும் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். வைவாள் என்று பார்த்தார். வையவில்லை. ஒரே ஒரு வார்த்தை வைதிருந்தாலும் அவருக்குப் பாரம் குறைந்திருக்கும். மன்னிச்சுக்கோ என்று சொல்ல வாயெடுத்தார். அதற்குள் வெளியே அந்தோணியின் குரல். ரயிலுக்கு நேரமாகிறது, விடிந்தால் கப்பல் கிளம்பிவிடும், வேறு ஜட்காவும் இல்லை. பாஷா அசையவில்லை. போகட்டும் கப்பல், என்ன ஆனாலும் இன்றைக்கு இந்த இடத்தைவிட்டு எழுந்திருப்பதில்லை என்று கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

ஹலீமா பீ அவர் தோளைத் தொட்டாள்.

"எழுந்திருங்க. அவங்கள கொண்டுபோய் உட்டுட்டு வாங்க. கப்பல் நிக்காது. நான் இன்னா, அடுத்த வியாழன் வரைக்கும் இங்கதானே கெடக்கப்போறேன்."